முயற்கொம்பும் மான்கொம்பும்

ஜான் ஜான்ஸ்டன் என்ற மருத்துவர் 1650களில் லத்தீனில் வெளியிட்ட விலங்கு நூலைப் புரட்டிக்கொண்டே போனால், முயல்கள் வரும் இடத்தில் கை நின்றுவிடும். முயலோடு முயலாக, தலையில் கிளைவிட்ட கொம்புடன் ஒன்று அங்கே இருக்கிறது. வேடிக்கைக்கு வரைந்ததல்ல. ‘லெபுஸ் கொர்னூட்டுஸ்’, கொம்புள்ள முயல், என்று முறையாகப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். செம்பில் செதுக்கியவர்களும் கற்றுக்குட்டிகள் அல்லர்; அந்தத் தொழிலில் பெயர்பெற்ற மேரியன் குடும்பத்தார். அதே நூலில் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் பல தினுசில் உண்டு. அந்தக் காலத்து நம்பிக்கை, போகட்டும் என்று விடலாம் என்றால், பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இல் பாரிஸில் வெளியான கலைக்களஞ்சியப் படத்தொகுதியிலும் அந்தக் கொம்புமுயல் விடாமல் வந்து நிற்கிறது. அதற்குள் உயிர்களுக்கு முறைப்படி பெயரிட்ட லின்னேயஸ் வந்துபோய்விட்டார். பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோனும் வந்துபோய்விட்டார். உயிர்களை வகைப்படுத்தும் துறையே வேரூன்றிவிட்டது. முயலின் கொம்பு மட்டும் உதிரவில்லை.

இதை முழுப்பொய் என்று ஒதுக்கிவிட முடியாமல் செய்தவர் ரிச்சர்ட் ஷோப். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். தலையிலும் முகத்திலும் கொம்பு முளைத்த காட்டுமுயல்களைச் சுட்டதாக வேட்டைக்காரர்கள் சொல்லிவந்ததை அவர் அசட்டை செய்யவில்லை. அத்தகைய முயல்களை வரவழைத்து, கறுத்துத் தடித்து நீண்டிருந்த அந்த வளர்ச்சிகளை அறுத்து அரைத்தார். பாக்டீரியா புக முடியாத நுண்வடிகட்டியில் வடித்த சாற்றை, நோயற்ற முயல்களின் கீறிய தோலில் தடவினார். அவற்றுக்கும் ‘கொம்பு’ முளைத்தது. காரணம் ஒரு வைரஸ் என்று 1933இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. மருத்துவத்தில் பெரிய வாசல் திறந்தது அப்போதுதான். பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்பிவி என்ற வைரஸ், இந்த முயல் வைரஸின் உறவுக்காரன். அந்த உண்மையை நிலைநாட்டிய ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஐரோப்பாவின் கொம்புமுயல் படங்களுக்குப் பின்னால் இப்படி நோய் கண்ட முயல்கள் இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. சிறு மானின் கொம்பை முயல் மண்டையில் பொருத்திச் செல்வர்களின் அதிசயப் பொருள் அறைகளில் வைத்த கைவேலையும் அதில் கலந்திருக்கும். மருவை யாரோ கண்டார். கண்டதைக் கொம்பு என்றார். கேட்டவருக்குக் கொம்பு என்றால் மான்கொம்புதான் தெரியும். அவர் அப்படியே வரைந்தார். செதுக்குபவர் அதைச் செம்பில் ஏற்றினார். செம்பில் ஏறியபின் அதற்குத் தனி அதிகாரம் வந்துவிட்டது.

பழைய விலங்குப் படங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சங்கிலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சட்டம்போட்டு மாட்டும் அழகுப் பொருளாக அவை இன்று விலைபோகின்றன. செதுக்கப்பட்ட நாளில் அவை வாக்குமூலங்கள். விலங்கைப் பார்த்தது யார்? உயிரோடு பார்த்தாரா, தோலைப் பார்த்தாரா, வெறும் கொம்பைப் பார்த்தாரா? பார்த்தவர் வேறு, செதுக்கியவர் வேறு என்றால் இடையில் எத்தனை கை? இதற்குப் பாதி விடை படத்திலேயே இருக்கிறது. படத்துக்குக் கீழே இடது மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயரும் ‘டெல்.’ என்ற சுருக்கமும் இருந்தால் அவர் வரைந்தவர். வலது மூலையில் ‘ஸ்கல்ப்.’ என்றிருந்தால் அவர் செதுக்கியவர். இரண்டும் ஒருவராக இருப்பது அபூர்வம்.

செதுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் மீதிப் பாதியும் புரியத் தொடங்கும். மிகப் பழையது மரக்கட்டை அச்சு. பலகையில் படத்தை வரைந்து, கோடுகளை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள மரத்தைக் கத்தியால் எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை படும். எழுத்து அச்சுகளோடு சேர்த்து ஒரே பக்கத்தில் அடித்துவிடலாம். ஆனால் மெல்லிய கோடு உடைந்துபோகும் என்பதால் மயிர், மீசை, கண்ணிமை எல்லாம் தடித்துத்தான் வரும்.

செப்புத்தகட்டு முறை இதற்கு நேர்மாறு. பளபளவென்று தேய்த்த தகட்டில் கூர்முனை உளியைத் தள்ளிக்கொண்டு போனால், ஏர் உழுத சால்போல ஒரு பள்ளம் விழும். தகடு முழுக்க மையைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கிடையே பெரும் அழுத்தத்தில் செலுத்தினால் காகிதம் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துக்கொண்டு வரும். அந்த அழுத்தத்தில் தகட்டின் நான்கு விளிம்பும் காகிதத்தில் பதிந்துவிடும். உண்மையான செப்புப்படத்தைச் சாய்த்துப் பிடித்தால் படத்தைச் சுற்றி அந்தப் பதிவு தெரியும்; விரலால் தடவினாலும் தெரியும். மயிரிழைக் கோட்டையும் இம்முறை தாங்கும். ஆனால் செம்பு மெத்தென்ற உலோகம். சில நூறு பிரதிகள் போனதுமே நுண்கோடுகள் மங்கத் தொடங்கும். ஒரே புத்தகத்தின் இரு பிரதிகளில் ஒரே மான் ஒன்றில் தளதளவென்றும் இன்னொன்றில் வெளிறியும் இருப்பதற்குக் காரணம் மானல்ல, தேய்ந்த தகடு.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் நியூகாசிலில் தாமஸ் பெவிக் மரத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார். பலகையை நீளவாக்கில் அறுக்காமல், பாக்ஸ் என்னும் இறுகிய மரத்தைக் குறுக்காக வெட்டி, அந்த வெட்டுமுகத்தில் செப்புத்தொழிலாளியின் உளியால் செதுக்கினார். மரம் கல்போல நின்றது. ஒரு கட்டையில் பல்லாயிரம் பிரதி எடுத்தாலும் அசையவில்லை. பாக்ஸ் மரம் பருக்காது, ஆகவே படங்கள் உள்ளங்கை அளவுக்கு மேல் போவதில்லை. 1790இல் வெளியான அவருடைய நாற்கால் விலங்குகள் நூல் சாமானியர் வீட்டுக்கும் போனது.

இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாட்டைக் காண நம் புள்ளிமானைவிடத் தோதான விலங்கு இல்லை. அதன் படம் பூஃபோனின் மாபெரும் ‘இஸ்துவார் நாத்யூரெல்’ வரிசையில் 1764இல் வந்த தொகுதியில் ‘ஆக்ஸிஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. செம்பில் செதுக்குபவர் வெட்டிய இடமெல்லாம் காகிதத்தில் கறுப்பாகும். மானின் முதுகுக்கு அவர் நெருக்கமாகக் கோடு இழைத்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியிலும் உளியைத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் மறுபடி இறக்க வேண்டும். புள்ளி என்பது அவர் தொடாமல் விட்ட இடம். பெவிக் முறையில் வெட்டிய இடம் வெள்ளையாகும். புள்ளி வேண்டுமா, உளிமுனையால் ஒரு சுண்டு. பெவிக்கின் விலங்குகளில் ரோமத்தின் மேல் வெயில் படுவதுபோல ஓர் உயிர்ப்பு இருப்பதற்கு அவருடைய கண் மட்டும் காரணமல்ல. இருளிலிருந்து வெளிச்சத்தை எடுக்கும் அந்த முறைக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லா முறைக்கும் பொதுவான ஒரு தொல்லை, படம் கண்ணாடி பிம்பம்போல் திரும்பி விழுவது. தகட்டில் இடப்பக்கம் பார்க்கும் மான் காகிதத்தில் வலப்பக்கம் பார்க்கும். மான் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் ஒரு சங்கைச் செதுக்கினார். தன் கையெழுத்து நேராக விழுவதற்காக அதைத் தகட்டில் திருப்பி எழுத மறக்கவில்லை. சங்கைத் திருப்ப நினைக்கவில்லை. விளைவு, வலமாகச் சுழல வேண்டிய சங்கு அச்சில் இடமாகச் சுழல்கிறது. நம்மூரில் வலம்புரி, இடம்புரி வேறுபாட்டில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பது தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படாது. பனிநாடுகளின் ரெயின்டீர் மானுக்கும் கொம்பு இருபுறமும் ஒத்திருப்பதில்லை. முகத்துக்கு மேல் அகப்பைபோல் நீளும் கிளை பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் விரியும். படத்தை வைத்து அது எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வோம்.

ஆனால் இந்தத் தொல்லையே துப்பும் ஆகிறது. ஒரு புத்தகத்தின் படத்தைப் பார்த்து இன்னொருவர் காப்பியடிக்கும்போது, அவசரத்தில் இருந்தால் கண்ணால் கண்டபடியே தகட்டில் ஏற்றிவிடுவார். அச்சில் விலங்கு திரும்பிவிடும். அதைப் பார்த்துக் காப்பியடிப்பவர் மறுபடி திருப்பிவிடுவார். வெவ்வேறு நூல்களில் ஒரே நிலையில், ஒரே காலைத் தூக்கியபடி, மாறி மாறித் திரும்பி நிற்கும் விலங்கைக் கண்டால் அவர்களில் பெரும்பாலோர் காட்டுக்குப் போகவில்லை என்பது உறுதி. பெவிக்கும் இதற்கு விலக்கல்ல. ஊர் ஊராக வந்த விலங்குக் காட்சிகளில் தாம் கண்டவற்றை நேரில் பார்த்துச் செதுக்கினார். காணாதவற்றுக்கு, பூஃபோன் நூலின் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பிலிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டார். அதை அவர் மறைக்கவுமில்லை. நேரில் கண்ட நரிக்கும் நாய்க்கும் உள்ள துடிப்பு, தூரதேசத்து விலங்குகளில் இல்லாமல்போவது கண்கூடு.

காப்பியின் ஆயுளுக்கு உலகறிந்த உதாரணம் ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் காண்டாமிருகம். குஜராத் சுல்தான் போர்த்துகீசியருக்குக் கொடுத்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. நியூரம்பர்க்கிலிருந்த ட்யூரர் அதைப் பார்த்ததே இல்லை. வந்த கடிதத்தையும் கைப்படத்தையும் வைத்துக் கவசம் பூட்டிய மிருகம் ஒன்றை மரத்தில் வெட்டுவித்தார். தோள்மேல் இல்லாத ஒரு குட்டிக்கொம்பையும் கூட்டினார். அந்தக் குட்டிக்கொம்பு இருநூறு வருஷத்துக்கும் மேல் நூலுக்கு நூல் தாவியது. ‘கிளாரா’ என்ற உயிருள்ள காண்டாமிருகத்தை 1741இல் ஹாலந்துக்குக் கொண்டுவந்து ஐரோப்பா முழுக்க ஊர்வலம் விட்ட பிறகுதான் அதன் செல்வாக்கு சரிந்தது. இந்தக் கதை பலருக்கும் தெரியும்; மான்களின் கதை அவ்வளவு தெரியாது. விஞ்ஞானத்துக்கு அதிக வேலை வைத்தது மான்கள்தான்.

காரணம் கொம்பு. மாட்டின் கொம்பும் ஆட்டின் கொம்பும் புல்வாயின் கொம்பும் உள்ளே எலும்பு, வெளியே நகப்பொருளாலான உறை; ஒருமுறை முளைத்தால் ஆயுள் முழுக்க வளரும். மானின் கொம்பு முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து, ஆண்டுதோறும் புதிதாக முளைக்கும். முளைக்கும்போது வெல்வெட் போன்ற ரோமத்தோல் அதைப் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். ஆண் ஹார்மோன் ஏறியதும் எலும்பு இறுகி, தோல் காய்ந்து, மான் அதை மரத்தில் உரசிக் கிழித்துப் போடும். ஐரோப்பியச் செம்மானுக்கு இதெல்லாம் காலம் தவறாமல் நடக்கும்: இளவேனிலில் கொம்பு விழும், கோடைக்கடைசியில் புதுக்கொம்பு தயார். ஆகவே கொம்பின் நிலையைப் பார்த்தே படம் எந்தப் பருவத்தில் வரையப்பட்டது என்று ஊகிக்கலாம். நம் புள்ளிமான் இந்தக் கணக்குக்கு அடங்காது. முதுமலையிலோ கிண்டியிலோ ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்போடு ஒன்றும் வெல்வெட் கொம்போடு ஒன்றும் நிற்கும்.

விழுந்த கொம்புக்கு இன்னொரு குணம் உண்டு. அது தனியாகப் பயணம் செய்யும். மான் அழுகிப்போகும், தோலைப் பூச்சி அரிக்கும். கொம்பு கடல் தாண்டும், நூற்றாண்டு தாண்டும். கலைஞனின் மேசைக்கு வந்து சேருவதும் பெரும்பாலும் அதுதான். உடலை அவன் தன் ஊர் மானிலிருந்து கடன் வாங்கிப் பொருத்துவான்.

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வேலை செய்த யோகான் எலியாஸ் ரீடிங்கர் இதில் ஒரு சுவையான ஆள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் செதுக்கியவர். அவற்றில் வேட்டைவிலங்குகளே அதிகம். விசித்திரமான கொம்புள்ள மான்களுக்கென்றே ஒரு தனி வரிசை வெளியிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, இன்ன மன்னர், இன்ன ஆண்டு, இன்ன காட்டில் சுட்டது என்று செதுக்கியிருப்பார். அவற்றில் புகழ்பெற்றது 66 கிளைகள் கொண்ட கொம்புடன் நிற்கும் செம்மான். பிராண்டன்பர்க் ஆட்சியாளர் மூன்றாம் ஃபிரெட்ரிக் அதைச் சுட்டது 1696இல். ரீடிங்கர் பிறந்தது 1698இல். கம்பீரமாக நிற்கும் அந்த உடலை அவர் எங்கே கண்டிருப்பார்? கொம்பு மட்டும் உண்மை. அது இன்றும் டிரெஸ்டனுக்கு அருகே மோரிட்ஸ்பர்க் அரண்மனையில் இருக்கிறது. அந்தப் படத்தின் மதிப்பு கொம்பிலும் கீழேயுள்ள வாசகத்திலும்தான்.

அத்தகைய விசித்திரக் கொம்புகளுக்கு இன்று உடலியல் விளக்கம் இருக்கிறது. கொம்பு முளைக்கும் எலும்பு மேடையில் அடிபட்டால் கிளை தாறுமாறாகப் பிரியும். ஆண் ஹார்மோன் சுரப்பு நின்றுபோனால் வெல்வெட் உரியவே உரியாது; எலும்பு இறுகாது; கொம்பு கட்டி கட்டியாக வளர்ந்து தலைமேல் கவிழும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் அதிசயம் என்று தகட்டில் ஏற்றிவைத்தவை, இன்றைய கால்நடை மருத்துவருக்கு நோயாளியின் கோப்பு.

ஒரு மான்கொம்புப் படம் இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்றைக் கிளப்பியது. அயர்லாந்தின் சேற்றுநிலங்களைத் தோண்டும்போது மாபெரும் கொம்புகள் வருவது அந்த ஊராருக்குப் பழகிய விஷயம். 1697இல் டப்ளின் மருத்துவர் தாமஸ் மோலினோ லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அதைப் பற்றி எழுதினார். கூடவே ஒரு செதுக்குப்படம்: மண்டையோடு சேர்ந்த கொம்பு, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பத்தடிக்கு மேல். இந்த விலங்கு அயர்லாந்தில் இல்லை. அப்படியானால் எங்கே போனது? கடவுள் படைத்த இனம் ஒன்று அடியோடு அழிந்துபோகும் என்பது அக்காலத்தில் ஏற்க முடியாத எண்ணம். எங்காவது இருந்தாக வேண்டும். மோலினோ கண்டுபிடித்த இடம் அமெரிக்கா. அங்கே ‘மூஸ்’ என்ற பெரிய மான் உண்டென்று கேள்வி. இதுதான் அது என்று முடித்துவிட்டார். மூஸை அவர் பார்த்ததில்லை.

எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் சரிபார்க்க வழி பிறந்தது. 1770இல் கனடாவிலிருந்து ரிச்மண்ட் பிரபுவுக்கு உயிருள்ள இளம் மூஸ் ஒன்று வந்து சேர்ந்தது. லண்டனின் பெயர்பெற்ற உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹன்டர், குதிரை ஓவியத்தில் நிகரற்றவரான ஜார்ஜ் ஸ்டப்ஸை அழைத்து அதை வரையச் சொன்னார். குட்டிமூஸுக்குக் கொம்பு அப்போதுதான் துளிர்த்திருந்தது. ஆகவே ஸ்டப்ஸ் அதன் காலடியில், முதிர்ந்த மூஸின் கொம்பு ஜோடி ஒன்றைத் தரையில் கிடப்பதாக வரைந்தார். ஓவியம் இன்று கிளாஸ்கோவின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அந்தக் கொம்பு ஏதோ அலங்காரமாகத் தோன்றும். உண்மையில் படத்தின் மையப் பொருளே அதுதான். மோலினோவின் கொம்போடு ஒப்பிட வைத்த சான்று. இல்லாத கொம்பை இளமூஸின் தலையில் ஏற்றி வரைந்திருந்தால் ஓவியம் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். ஸ்டப்ஸ் அதைச் செய்யவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே அவரை விஞ்ஞானிகள் வரிசையில் வைக்கலாம்.

ஹன்டர் இதைப் பற்றி எழுதியது அவர் காலத்தில் அச்சேறவில்லை. இதற்கிடையே மூஸ் அரசியலிலும் நுழைந்தது. அமெரிக்கக் கண்டத்து விலங்குகள் ஐரோப்பாவினுடையவற்றைவிடச் சோனியானவை என்று பூஃபோன் எழுதிவைக்க, பாரிஸில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஏழடி உயர மூஸ் ஒன்றைச் சுட்டு அனுப்புமாறு ஊருக்கு எழுதினார். 1787இல் அது வந்து சேர்ந்தபோது ரோமம் உதிர்ந்துகொண்டிருந்தது. கூட வந்த கொம்புகளோ அந்த மூஸினுடையவையே அல்ல. வேறு விலங்குகளின் கொம்புகளை, வேண்டுமானால் பொருத்திக்கொள்ளுங்கள் என்று சேர்த்து அனுப்பியிருந்தார்கள்! பூஃபோன் மறு ஆண்டே இறந்துபோனார்.

மோலினோவின் கேள்விக்கு 1812இல் விடை சொன்னவர் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் குவியே. அந்த அயர்லாந்துக் கொம்பு மூஸினுடையதல்ல, உயிரோடிருக்கும் எந்த மானுடையதும் அல்ல, அந்த இனம் மறைந்துவிட்டது என்று எலும்புகளை ஒப்பிட்டு நிறுவினார். இன்று அதை மெகலோசெரஸ் என்கிறோம். கொம்பின் அகலம் 3.6 மீட்டர் வரை போகும். சைபீரியாவில் அது சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்வரை உயிரோடிருந்ததை ரேடியோகார்பன் கணிப்பு காட்டியது. மரபணு ஆய்வின்படி அதன் நெருங்கிய சொந்தம் மூஸ் அல்ல, ஐரோப்பியப் பூங்காக்களில் மேயும் சிறிய ஃபேலோ மான்.

குவியேயின் குடும்பத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. அவருடைய மனைவியின் மகன் ஆல்பிரட் டுவோசெல் 1818இல் வங்காளம் வந்து, விலங்குகளையும் தோல்களையும் படங்களையும் பாரிஸுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார். வடஇந்தியாவின் சதுப்புநில மானான பாராசிங்காவுக்கு 1823இல் குவியே இட்ட அறிவியல் பெயரில் டுவோசெல் பெயர்தான் இருக்கிறது. மறு ஆண்டு, முப்பத்தொரு வயதில், டுவோசெல் சென்னையில் இறந்தார். அவர் அனுப்பிய படங்கள் பல, குவியேயின் தம்பி வெளியிட்ட பாலூட்டிகள் நூலில் இடம்பெற்றன. அந்த நூல் செம்பும் அல்ல, மரமும் அல்ல, கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் நேரடியாக வரைந்து அச்சடிக்கும் முறை. செதுக்குபவர் என்ற இடைத்தரகர் கழன்றுகொண்டார். கை ஒன்று குறைந்தால் பிழையும் ஒரு படி குறையும்.

பழைய படங்களை வைத்துக்கொண்டு இன்றைய விஞ்ஞானம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு ஆசிய யானையின் வழக்கைச் சொல்ல வேண்டும். லின்னேயஸ் 1758இல் யானைக்குப் பெயரிட்டபோது அவர் கைவசமிருந்த சான்றுகளில் ஒன்று, சாராயத்தில் ஊறிய யானைக்கரு. அது ஆல்பெர்டஸ் சேபா என்ற ஆம்ஸ்டர்டாம் சேகரிப்பாளரிடமிருந்து வந்தது. சேபாவின் 1734 ஆம் ஆண்டு நூலில் அதன் அழகான செப்புப்படம் உண்டு. ஆசிய யானை என்ற பெயரே அந்தக் கருவின்மேல் நின்றது. படத்தைப் பார்த்தால் ஆசியாவா ஆப்பிரிக்காவா என்று அடித்துச் சொல்ல முடியாது. 2013இல் மரபணுவையும் புரதத்தையும் சோதித்தபோது அது ஆப்பிரிக்க யானை என்று தெரிந்தது. பெயருக்கு வேறு அடையாளம் தேட வேண்டியதாயிற்று. லின்னேயஸ் மேற்கோள் காட்டியவர்களில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் ஃபிளாரன்சில் பார்த்த எலும்புக்கூடு ஒன்றை விவரித்திருந்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. சோதித்தார்கள், ஆசிய யானைதான். அதற்குப் பெயரும் உண்டு: ஹான்ஸ்கன். இலங்கையில் பிறந்து, ஹாலந்துக்குக் கப்பலேறி, ஐரோப்பிய ஊர்களில் வித்தை காட்டி, 1655இல் ஃபிளாரன்சில் செத்த பெண் யானை. ரெம்பிராண்ட் 1637இல் உயிரோடு பார்த்து வரைந்த யானை இதுவேதான். முதுமலை யானையும் சரி, குருவாயூர் யானையும் சரி, அறிவியலின் கணக்கில் எந்த இனம் என்பதை நிர்ணயிக்கும் மூல உடல் அந்த இலங்கை யானையுடையது.

கடைசியாக, நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வண்ணமுள்ள செப்புப்படங்கள் பெரும்பாலும் கறுப்பில் அச்சாகி, பிறகு கையால் நீர்வண்ணம் பூசப்பட்டவை. மாதிரிப் படம் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு கூலிக்குப் பூசியவர்களில் பெண்களும் சிறுவர்களும் ஏராளம். மான் எந்த நிறம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? விற்பனைக்காகச் சமீபத்தில் பூசப்பட்டவையும் சந்தையில் உலவுகின்றன. கோட்டை நம்பலாம், வண்ணத்தை நம்பாதீர்கள்.

இந்தப் படங்கள் தனித்தாளாகக் கிடைப்பதற்கும் அச்சுமுறைதான் காரணம். செப்புத்தகடு எழுத்தோடு சேர்ந்து அச்சாகாது. தனித்தாளில் அடித்துப் புத்தகத்தில் சேர்த்துத் தைப்பார்கள். ஆகவே புத்தகத்தைப் பிரித்து, படங்களை மட்டும் உருவி, ஒவ்வொன்றாக விற்றால் முழுப் புத்தகத்தின் விலையைவிட அதிகம் தேறும். அப்படிக் கிழிந்தவை கணக்கில்லை. கிழித்ததும் படம் தன் வாசகத்தை இழக்கிறது. மானை யார் பார்த்தார், எங்கே பார்த்தார் என்பது எதிர்ப்பக்கத்தோடு போய்விடுகிறது. வாங்க ஆசைப்படுபவர்கள் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். கோடுகள் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது நேற்றைய ஆஃப்செட் நகல். தகட்டின் விளிம்புப்பதிவு உண்மையாக இருந்தால் ஏதோ ஒரு புத்தகம் குதறப்பட்டிருக்கிறது. முதலாவதை வாங்குவது ஏமாற்றம், இரண்டாவதை வாங்குவது அந்தக் குதறலுக்குக் கூலி. பூஃபோன், பெவிக் நூல்கள் பக்கம் பக்கமாக வருடப்பட்டு, பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி போன்ற இணைய நூலகங்களில் காசில்லாமல் கிடைக்கின்றன. அங்கே போய்ப் படத்தோடு எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.